டர்போ பொருத்தும்போது கிராங்க்கேஸ் காற்றோட்டமும் ஆயில் ரிட்டர்னும்: மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை முன்வைத்து

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வந்த எஞ்சினுக்கு டர்போ பொருத்த முனைகிறவர்கள் இன்டர்கூலர், இன்ஜெக்டர், இசியு (எஞ்சின் கணினி) டியூனிங் ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரிலிருந்து உள்வாயுவை வெளியேற்றும் பிரீதர் ஹோஸையும், டர்போவின் அடியிலிருந்து சம்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்கும் ரிட்டர்ன் குழாயையும் கடைசி நாள் மாலையில், கையில் கிடைத்த துண்டு ஹோஸைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள். பிறகு சைலன்சரில் நீலப் புகை கிளம்பினால் டர்போ சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி, குறையேதும் இல்லாத டர்போவைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புகிறார்கள். ரிப்பேர் ஆகி வந்த டர்போவும் அதே புகையைத்தான் கக்குகிறது, ஏனென்றால் குறை டர்போவில் இல்லை, அதைச் சுற்றியுள்ள குழாய்களில் இருக்கிறது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. அதன் இரு முனைகளிலும் இருப்பவை நாம் கிராங்க் தண்டில் பார்க்கும் ரப்பர் உதட்டு சீல்கள் அல்ல. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய உலோக வளையங்கள்தான். எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் பக்கத்திலும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் பக்கத்திலும் உள்ள வாயுவின் அழுத்தம், பேரிங் இருக்கும் நடுக்கூட்டில் உள்ள அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரைதான் அவை ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கும். ஆயில் பம்ப்பின் அழுத்தத்தோடு மேலிருந்து நுழையும் ஆயில், பேரிங்கைக் கடந்த பிறகு அந்த அழுத்தத்தை முழுவதும் இழந்து, காற்றோடு கலந்து நுரையாகி, தன் எடையால் மட்டுமே கீழே விழுகிறது. டர்போவின் அடிக்கும் சம்பில் ரிட்டர்ன் குழாய் சேரும் இடத்துக்கும் 25 செ.மீ. உயர வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். அந்தக் குழாய் முழுவதும் ஆயில் நிரம்பி நின்றால்கூட அதன் எடை தரும் அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல். பாதி நுரை என்றால் 1 கிலோபாஸ்கல். இந்த எஞ்சினில் நாம் ஏற்றப்போகும் 0.5 பார் பூஸ்டோ (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 50 கிலோபாஸ்கல். அதில் மிகச் சிறு பங்கு கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் தண்டு சுழலும் எஞ்சின் கூட்டுக்குள்) கசிந்தாலும், கீழே விழவேண்டிய ஆயில் நடுக்கூட்டிலேயே தேங்கி, வளையங்களைத் தாண்டி இருபுறமும் வெளியேறும். ஆகவே, ரிட்டர்ன் குழாய் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பிரீதர் சரியில்லை என்றால் அது வேலை செய்யாது. இரண்டையும் ஒரே வேலையாகக் கருதி, ஒன்றாகத் திட்டமிட வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் அமெரிக்கச் சந்தையில் 116 குதிரைத்திறன் கொண்டது. 1994ஆம் ஆண்டு மாடல் முதல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. பிறர் டர்போ பொருத்திப் பழகிய எஞ்சின்கள் என்பதால் இவற்றின் பலவீனங்கள் நன்றாகத் தெரிந்தவை. மற்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் முறை ஒன்றே. துளைகளின் இடம் மட்டும் மாறும்.

முதலில் எஞ்சினின் நிலை

எந்த எஞ்சினிலும் சிலிண்டரில் எரியும் வாயுவின் ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். நம் பட்டறைகளில் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டர் அழுத்தமும் ஏறுவதால் இதுவும் கூடும். ரிங் தேய்ந்த எஞ்சினில் பல மடங்காகக் கூடும். எனவே எந்த ஹோஸையும் வாங்குவதற்கு முன் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) செய்ய வேண்டும். சூடான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20 சதவீதத்தைத் தாண்டி, காற்றின் சீறல் ஆயில் ஊற்றும் வாய் வழியாகக் கேட்டால், டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தை ரிங் செட்டுக்குச் செலவிடுவதே அறிவு. எத்தனை பெரிய பிரீதர் வைத்தாலும் தேய்ந்த ரிங்கை அது ஈடுசெய்யாது.

பிரீதர்: இடம் மாற வேண்டிய ஹோஸ்

தொழிற்சாலை அமைப்பு இப்படி இருக்கும். டேப்பெட் கவரின் இன்டேக் பக்கத்தில், கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பிசிவி வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. கவரின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் உள்ள வெறும் முனையிலிருந்து இன்னொரு ஹோஸ், த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போகிறது. மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும்போது, பிசிவி வழியாகக் கிராங்க்கேஸ் வாயு உறிஞ்சப்பட்டு, வடிகட்டிய புதுக் காற்று இரண்டாவது ஹோஸ் வழியாக உள்ளே வருகிறது. ஐட்லிங்கில் வால்வு குறுகலாகவும், நடுத்தர வேகத்தில் தாராளமாகவும் திறக்கிறது. த்ராட்டில் முழுவதும் திறந்து வெற்றிடம் மறைந்ததும், வாயு திசை மாறி, புதுக் காற்று வந்த அதே ஹோஸ் வழியாக வெளியேறுகிறது. கலிபோர்னியாவில் புகைமூட்டத்தைக் குறைக்க 1961ஆம் ஆண்டு மாடல் கார்களில் பிசிவி வருவதற்கு முன், இந்த வாயு எஞ்சின் அடியில் ஒரு திறந்த குழாய் வழியே சாலையில்தான் விடப்பட்டது.

டர்போ வந்ததும் இந்த அமைப்பில் இரண்டு இடங்கள் ஆபத்தாகின்றன. முதலாவது, த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள குழாய். டர்போ இல்லாதபோது அது வளிமண்டல அழுத்தத்தில் இருந்தது. இப்போதோ கம்ப்ரஸரும் இன்டர்கூலரும் தாண்டிய பூஸ்ட் காற்று அதில் நிற்கிறது. பழைய பிரீதர் ஹோஸை அங்கேயே விட்டுவிட்டால், பூஸ்ட் முழுவதும் நேராக டேப்பெட் கவருக்குள் பாயும். டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வரும். கிராங்க் பின்பக்க சீல் ஒழுகத் தொடங்கும். அந்த முனையைப் புதுக் குழாயில் இல்லாமலே செய்துவிட வேண்டும், அல்லது நன்றாக அடைக்க வேண்டும்.

அந்த ஹோஸ் போய்ச் சேர வேண்டிய சரியான இடம் ஏர் ஃபில்டருக்கும் கம்ப்ரஸர் வாய்க்கும் நடுவே உள்ள குழாய். பூஸ்ட் ஏறி, காற்று வேகமாக உறிஞ்சப்படும் அதே நேரத்தில் ஃபில்டரின் தடையால் அங்கே சிறிது வெற்றிடம் உண்டாகிறது. எப்போது வாயு அதிகமோ அப்போது இழுப்பும் அதிகம் என்பதால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தொழிற்சாலை இசியுவை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.6 லிட்டர் காரில் மடல் வகையும் 1.8 லிட்டர் காரில் சூட்டுக்கம்பி வகையும் ஆன காற்றளவி ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. பிரீதர் ஹோஸ் அந்த அளவிக்குப் பின்னால்தான் சேர வேண்டும். ஹோஸைக் கழற்றி முனையில் ஒரு சிறு ஃபில்டரைச் செருகி விட்டால், பிசிவி உறிஞ்சும் காற்று அளக்கப்படாத காற்றாகிவிடும். பெட்ரோல் கலவை மெலிந்து ஐட்லிங் தடுமாறும். மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் தனி இசியு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றாலும், சாலையில் ஓடும் காரில் கிராங்க்கேஸ் வாயுவைத் திறந்தவெளியில் விடுவது பல நாடுகளில் சட்டப்படி கூடாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது காருக்குள் வரும் ஆயில் வாடையும் சகிக்கத்தக்கதல்ல.

இரண்டாவது ஆபத்தான இடம் பிசிவி வால்வு. பூஸ்டின்போது மேனிஃபோல்டு அழுத்தம் அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பின்னடி வெடிப்பின்போது (பேக்ஃபயர்) ஒரு கணம் மூடுவதற்காகச் செய்யப்பட்ட வால்வு, 0.5 பார் அழுத்தத்தை நொடிக்கணக்கில் தாங்கி நிற்கும் அளவுக்கு இறுக்கமாக மூடாது. அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தனியாக ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் காற்றை விடுவது) பொருத்த வேண்டும். அதன் அம்புக்குறி மேனிஃபோல்டை நோக்கி இருக்க வேண்டும். பொருத்திய பின் வாயால் ஊதிப் பார்த்தால், கவர் பக்கத்திலிருந்து காற்று எளிதாகப் போகவும், மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து துளியும் போகாமலும் இருக்க வேண்டும். மீன்தொட்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் செக் வால்வைப் பொருத்துவது வீண். சூடும் ஆயிலும் சேர்ந்து அதை இளக்கிவிடும்.

பிசிவியை அடைத்துவிட்டு, இரண்டு முனைகளையும் பெரிய ஹோஸ்களால், ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேனுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே வெற்றிடத்தில் ஓடும் நேரம் குறைவு, ஆயிலும் அடிக்கடி மாற்றப்படுகிறது. தினமும் அலுவலகம் போய்வரும் காரில் இது தவறு என்பதே என் கருத்து. புதுக் காற்று கிராங்க்கேஸைக் கழுவிச் செல்லாவிட்டால், ரிங்கைத் தாண்டி வந்த நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன. ஆயில் மூடியின் உள்ளே மஞ்சள் வெண்ணெய் போலப் படிவது அதன் அடையாளம்.

கேட்ச் கேனைப் பொறுத்தவரை, பிரீதர் ஹோஸ் டர்போ வாய்க்குப் போகும் வழியில் ஒன்று அவசியம். ஆயில் ஆவி கம்ப்ரஸருக்குள் போனால் இன்டர்கூலரின் உட்சுவரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கிறது. சிலிண்டருக்குள் போனால் எரிபொருளின் ஆக்டேனைக் குறைத்து நாக்கிங்கை (கலவை தானாகவே வெடிப்பதை) வரவழைக்கிறது. வெறும் டப்பாவால் பயனில்லை. நுழைந்த வாயு நேராக வெளியேற முடியாதபடி உள்ளே தடுப்புத் தகடும், ஆவி படிந்து துளியாக மாறக் கம்பி வலையும் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே வைத்தால் எதுவும் குளிர்ந்து படியாது என்பதால், காற்று படும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். ஹோஸின் உள்விட்டம் 16 முதல் 19 மி.மீ. வரை இருப்பது நல்லது. எங்கும் தொங்கிப் பள்ளமாகாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பள்ளத்தில் தேங்கும் ஆயிலே அடைப்பாகிவிடும். டேப்பெட் கவரின் பழைய முனை இதற்குக் குறுகலானது. அதிகத் திறன் எதிர்பார்ப்பவர்கள் கவரைக் கழற்றி, பெரிய முனையை வெல்டு செய்துகொள்கிறார்கள். எஞ்சினில் கவர் இருக்கும்போதே துளையிடுவது பற்றி நினைக்கவும் வேண்டாம்.

ஹோஸ் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் சாதாரண ஹோஸ் ஆயில் பட்டால் ஊதி, மென்மையாகி, வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான சாதா சிலிக்கான் ஹோஸோ ஆயிலை வியர்வை போல வெளியே விடும். ஆயிலுக்கென்றே செய்த நைட்ரைல் ஹோஸ், அல்லது உள்ளே ஃப்ளூரோ பூச்சுள்ள சிலிக்கான் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ரிட்டர்ன் குழாய்: அகலமும் சரிவும்

டர்போ தயாரிப்பாளரான கேரட் நிறுவனம் சொல்லும் விதி எளியது: வடியும் வழியின் உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. டர்போவின் வடிகால் வாய் செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது. நடைமுறையில் எல்லோரும் பயன்படுத்துவது ஏஎன்-10 என்ற தர அளவுள்ள ஹோஸ். ஹோஸின் அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வழியில் இருக்கும் மிகக் குறுகலான இடம்தான் கணக்கு. பெரும்பாலும் அது சம்பில் திருகும் ஃபிட்டிங்கின் துளையாகவோ, டர்போவின் அடியில் வைத்த கேஸ்கெட்டின் வாயாகவோ இருக்கும். கேஸ்கெட்டை வைத்து, துளை முழுவதும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. உள்ளே பிதுங்கும் பேஸ்ட் பிய்ந்து வடிகாலை அடைத்துவிடும்.

சம்பில் துளை போடும் இடத்தைத் தேர்வதுதான் இந்த வேலையின் இதயம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கின் மேல் குறி வரை ஆயில் இருக்கும்போது அந்த மட்டம் சம்பின் வெளிச்சுவரில் எங்கே வருகிறது என்று அளந்து கோடு போட வேண்டும். துளையின் அடிவிளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேரும் குழாய், வாளித் தண்ணீருக்குள் முக்கிய குழாய் போல, நுரையை வெளியே விடாமல் பிடித்து நிறுத்தும். அதே சமயம், கிராங்க் சுழலும்போது வாரியடிக்கும் ஆயில் நேராகத் துளையில் மோதும் அளவுக்கு மேலே போய்விடவும் கூடாது. வெளியே ஸ்டியரிங், சப்ஃபிரேம், எக்ஸாஸ்ட் குழாய் எதுவும் இடிக்காத இடமாகவும் அது இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கும் இடம் கொடுக்கும் பரப்பு சம்பில் உள்ளங்கை அளவுகூட இருக்காது.

எம்எக்ஸ்-5 காரில் எஞ்சினைத் தூக்காமலோ சப்ஃபிரேமை இறக்காமலோ சம்ப் வெளியே வராது. அதனால்தான் பலர் சம்பைக் கழற்றாமலேயே துளையிடுகிறார்கள். செய்ய முடியாத வேலை அல்ல, ஆனால் பொறுமை வேண்டும்: ஆயிலை வடித்துவிட்டு, டிரில் முனையிலும் டேப்பின் பள்ளங்களிலும் கிரீஸை அப்பி, ஒவ்வொரு சில சுற்றுக்கும் வெளியே எடுத்துத் துடைத்து, ஆயில் ஊற்றும் வாய் வழியே மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தால் சீவல் வெளிப்பக்கம் வரும். முடிந்ததும் மலிவான ஆயிலை ஊற்றி வடித்துக் கழுவ வேண்டும். முதலில் சம்பின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு, உள்ளே விழும் சீவலைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். ஒட்டாவிட்டால் அலுமினியம், உள்ளே விழுந்ததை எதுவும் பிடிக்காது.

இன்னொரு சிக்கல் மரை. அரை அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) டேப்புக்கு 18.3 மி.மீ. துளை வேண்டும்; அதில் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள், அதாவது ஒரு மரைக்கு 1.8 மி.மீ. சம்பின் சுவர் 3 மி.மீ. தடிமன் என்றால், ஃபிட்டிங் இரண்டு மரைகூட முழுதாகப் பிடிக்காது. அதிர்வில் அது தளர்ந்து கழன்றால் எஞ்சினின் ஆயில் முழுவதும் சாலையில்தான். ஆகவே சம்ப் எப்படியாவது வெளியே வருமானால், தடித்த வளையமொன்றை வெல்டு செய்து அதில் திருகுவதே முறை. உள்ளிருந்து நட்டும் சீல் வாஷரும் போட்டு இறுக்கும் ஃபிட்டிங்கும் நம்பகமானது. எபாக்ஸி பசையை மட்டும் நம்பிச் செய்த வேலை சூடும் குளிரும் மாறிமாறி வரும்போது விட்டுவிடும்.

டர்போவிலிருந்து துளை வரை ஹோஸ் எங்கும் மேலேறாமல், படுக்கையாக ஓடாமல், தொடர்ந்து இறங்கியே வர வேண்டும். டர்பைன் கூட்டுக்கு அருகே வரும் பகுதிக்குத் தீத்தடுப்பு உறை போட வேண்டும். டர்போவும் சம்பும் எஞ்சினோடு சேர்ந்தே ஆடுவதால் ஹோஸைச் சேசிஸில் கட்டக் கூடாது. டர்போவைப் பின்சக்கரத்தருகே, சம்பைவிடத் தாழ்வாக வைப்பவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவர்களுக்குத் தனியாக உறிஞ்சும் பம்ப் வேண்டும்.

டர்போவை இணைப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை. ஹோஸின் மேல் முனையில் புனலை வைத்து அரை லிட்டர் ஆயிலை விடாமல் ஊற்றிப் பாருங்கள். புனலில் தேங்காமல் இறங்கினால் வழி சரி. தேங்கினால் டர்போவிலும் தேங்கும்.

ஆயில் வரும் வழி

வரும் ஆயில் தேவைக்கு மேல் இருந்தாலும் ரிட்டர்ன் திணறும். இந்த எஞ்சினில் ஆயில் அழுத்த சென்ஸர் திருகியிருக்கும் துளையிலிருந்து கிளை எடுப்பது வழக்கம். அதன் மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை), ஓர் அங்குலத்துக்கு 28 மரைகள். கடையில் எளிதில் கிடைக்கும் 1/8 என்பிடி ஃபிட்டிங்கில் 27. இரண்டும் சில சுற்றுகள் பொருந்துவது போலத் தோன்றி, பிறகு பிளாக்கின் மரையைக் கெடுத்துவிடும். பால் பேரிங் டர்போ என்றால் ஏறத்தாழ 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வழியாக ஆயில் வர வேண்டும். டர்போ வாயில் 40 முதல் 45 பிஎஸ்ஐ, அதாவது 3 பார் அளவே அதற்குப் போதும். சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவுக்குப் பொதுவாக ரெஸ்ட்ரிக்டர் தேவையில்லை. புகையை நிறுத்த அதில் ரெஸ்ட்ரிக்டர் போடுகிறவர்கள் பேரிங்கைப் பட்டினி போடுகிறார்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயிலை விட்டுத் தண்டைக் கையால் சுழற்ற வேண்டும். பிறகு இன்ஜெக்டர்களையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ரிட்டர்ன் முனையில் பாத்திரம் வைத்து, ஆயில் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும்.

அடுத்தது கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளப்பது. டிப்ஸ்டிக் குழாயில், ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் மாட்டி, பாதிவரை நீர் ஊற்றினால் அதுவே அளவி. இரு பக்க மட்டங்களுக்கும் 10 செ.மீ. வேறுபாடு என்றால் 1 கிலோபாஸ்கல். ஐட்லிங்கில் நீர் எஞ்சின் பக்கமாகச் சிறிது ஏற வேண்டும். வெற்றிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமானால் நீர் எஞ்சினுக்குள் போய்விடும் என்பதால், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓட்டும்போது இந்த நீர்க்குழாய் வேண்டாம். குறைந்த அழுத்தத்தைக் காட்டும் மின்னணு கேஜ் போதும். முழு பூஸ்டில் அது 1 கிலோபாஸ்கலை நெருங்கினால், டர்போ இன்னும் புகைக்காவிட்டாலும், பிரீதரைப் பெரிதாக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

புகை வந்தால், டர்போவைத் தொடுவதற்கு முன் பிரீதர் ஹோஸைக் கழற்றி, ஆயில் மூடியையும் தளர்த்திவிட்டு எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காற்றளவி உள்ள காரில் ஐட்லிங் தடுமாறும், பொருட்படுத்த வேண்டாம். புகை நின்றுவிட்டால் குறை காற்றோட்டத்தில். நிற்காமல், நீண்ட நேரம் ஐட்லிங்கில் நின்று கிளம்பும்போது நீலப் புகை குபுக்கென்று வந்தால் ரிட்டர்ன் குழாயைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது மட்டும் புகைத்தால், டர்போவுக்குத் தொடர்பே இல்லாத வால்வு கைடு தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் 500 கி.மீ. முடிந்ததும் கேட்ச் கேனைத் திறந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எல்லாக் கிளாம்ப்களையும் சூடு ஆறிய பின் மீண்டும் இறுக்க வேண்டும். அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் கேனில் சேரும் அளவு திடீரென்று கூடினால், கேனைப் பெரிதாக்காமல் மறுபடியும் லீக்-டவுன் சோதனை செய்யுங்கள்.